ஏரி வாசலில் போட்ட சத்தம்

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் அன்று ஜினேந்திரனின் முகத்தைப் பார்த்ததில்லை. நடந்தது சத்தியம். அறுபத்தெட்டாம் வருஷம், மார்கழி மாதம். காஞ்சிபுரத்தில் நெல் மண்டி வைத்திருந்த சமண நைனார் அவர். எறும்பைக்கூட மிதிக்க மாட்டார். ஆனால் கோபம் வந்தால் கண் மண் தெரியாது.

தென்னேரிக்கு அந்தப் பக்கம் ஒரு பறவை ஏரி. அதன் வாசலில் அவருடைய தாத்தா ரிஷபதாஸ் ஒரு கல் நட்டிருந்தார். வெள்ளைக்கார துரைகள் ஒரே காலையில் சுட்டுத் தள்ளிய பறவைகளை வண்டியில் அள்ளிவந்து புதைத்து, அந்தக் குழியின்மேல் நட்ட கல். 'இதைத் தாண்டித் துப்பாக்கி கூடாது, சத்தம் கூடாது' என்று செதுக்கியிருக்கும். கீழே தாத்தாவின் பேர். அன்றிலிருந்து அந்த ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி கிடையாது. கல்லைத் தாண்டினால் குழந்தைகளும் ரகசியம்போலத்தான் பேசும்.

அந்தக் கல்லைத்தான் பிடுங்கப் போகிறார்கள். சேதி கொண்டுவந்தவள் அந்தப் பக்கத்துப் பால்காரி தேவகி.

"நாளைக்குக் கடப்பாறை போடறாங்க நைனாரே. தர்மன் தன் பேருல வளைவு கட்டப் போறாராம். உங்க தாத்தா கல்லு வாய்க்கா மேல பாலமாம்."

தர்மன் உள்ளூர்த் தலைவர். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். ஜினேந்திரனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தாத்தாவின் பேர்மேல் ஊரே கால் வைத்து நடப்பதா?

"பொழுது சாயறதுக்குள்ள வந்துடுங்க. விளக்கு வெச்சப்புறம் சாப்பிட மாட்டீங்களே" என்றாள் மனைவி தயாவதி.

"ஒரு வேளை பட்டினி கெடந்தா செத்துட மாட்டேன்" என்று கிளம்பிவிட்டார்.

ஏரி வாசலுக்கு வந்தபோது மணி ஐந்தரை. கல் நின்றது. தாத்தாவின் பேர்மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். வேட்டி நுனியால் துடைத்தார். போகவில்லை. நிமிர்ந்தார். கரை தட்டத் தண்ணீர். மரமெல்லாம் வெள்ளை வெளேரென்று பறவைகள். அந்தக் கோபத்திலும் மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

அப்புறம்தான் உறைத்தது. இத்தனை பறவைக்கு இரைச்சலில் காது கிழிய வேண்டுமே... எச்ச நாற்றம் குடலைப் புரட்ட வேண்டுமே... ஒன்றும் இல்லை. ஓர் இறகுகூட அசையவில்லை.

ஆனால் கண்ணில் அந்தச் சுண்ணாம்புக் கோடுதான் நின்றது. பொறுக்க முடியவில்லை. கல்லைத் தாண்டிப் போய் அடித்தொண்டையிலிருந்து கத்தினார்.

"தர்மா! டேய், தர்மா!"

ஒரு பறவையும் பறக்கவில்லை.

எல்லாக் கழுத்தும் திரும்பின... ஒரே சமயத்தில்... அவர் பக்கம்.

ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஓர் ஓட்டை.

கல்லுக்கு அடியில்... சர்... சர்... இறகு உரசும் சத்தம்.

ஓடினார்.

காலையில் தேவகி பால் ஊற்ற வந்தாள். இரவெல்லாம் தூங்காத ஜினேந்திரன் வாசலுக்கு வந்து கேட்டார்.

"ஏரியில இந்த வருஷம் பறவை ரொம்ப வந்துருக்குதே?"

"என்னா நைனாரே சொல்றீங்க? மதகு ஒடஞ்சி ஐப்பசியிலயே ஏரி காலி. மாடு மேஞ்சிக்கினு இருக்குது. ஒரு கொக்குகூட வரலை." செம்பை நிமிர்த்தினாள். "அத்த விடுங்க. நேத்து வாலாஜாபாத் கூட்டத்துல தர்மன் பேசிக்கினு இருந்தாராம். யாரோ கூப்ட்ட மாதிரி திரும்பிப் பாத்தாராம். அவ்ளோதான். வாயத் தொறக்கறாரு, காத்துதான் வருது."

"எப்போ?"

"அஞ்சரை இருக்கும்."

சென்னையில் பெரிய டாக்டர்கள் பார்த்தார்கள். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். தர்மன் சாகிறவரை பேசவே இல்லை. கல்லைத் தொட அப்புறம் யாருக்கும் தைரியம் வரவில்லை. அது அங்கேயேதான் நிற்கிறது.

ஜினேந்திரனுக்கு இன்னும் கோபம் வருகிறது. முகம் சிவக்கும். ஆனால் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். சொந்த மனைவியைக்கூட.