மஞ்சள் வயர்

சாவியைத் திருப்பினேன். காரிலிருந்து சத்தமே இல்லை. இந்த மௌனத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன், சின்ன வயதில், எங்கள் மலைக்கிராமம் பேத்துப்பாறையில்.

அப்பாவிடம் ஒரு பழைய குட்டி டிராக்டர் இருந்தது. ஏதோ பங்களாத் தோட்டத்தில் புல்வெட்டி ஓய்ந்தது. இற்றுப்போன வயர்களால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. வெள்ளனே அக்கம்பக்கத்தார் வந்து சரிவில் தள்ளினால்தான் கிளம்பும். தள்ளியவர்கள் அம்மாவின் இஞ்சித் தேத்தண்ணிக்கு உட்கார்வார்கள். இலங்கையில் விட்டுவந்த தேயிலைத் தோட்டத்துக் கதைகள் பனி விலகும்வரை ஓடும்.

சுனாமிக்கு மறுவருஷம், ஒரு மழைநாளில், அப்பா பழைய வயர்களை எல்லாம் உருவிவிட்டுப் புதிதாக இழுத்தார். வீடெங்கும் ஈயம் பற்றவைத்த வாசனை.

“மஞ்ச வயரு எங்க போவுதுப்பா?”

“செல்ஃப் மோட்டாருக்கும்மா. சாவியத் திருப்புனா இதுலதான் கரண்டு போகும். இனி யாரையும் கூப்பிட வேணாம்.”

மறுநாள் சாவியைத் தொட்டதும் வண்டி உறுமியது. அதன்பிறகு காலையில் யாரும் வரவில்லை. அம்மா மட்டும் தம்ளரோடு வாசலில் நின்று பாதையைப் பார்ப்பாள்.

சில நாள் கழித்துச் சாவி திரும்பியது, வண்டி மூச்சுவிடவில்லை.

“யப்பா, வெரசா வாங்க! ஒரு கை தள்ளுங்க!” என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தபடி ஓடிவந்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். மஞ்சள் வயர் கழன்று தொங்கியது. யார் கழற்றியது? அம்மாவிடம் கேட்க அடுப்படிக்கு ஓடினேன். பெரிய பானை நிறையத் தேத்தண்ணி ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

“தள்ளணுங்களா?” இப்போது என் கார் ஜன்னலில் எதிர்வீட்டுக்காரர் குனிகிறார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

தேத்தண்ணி போட்டுவைத்துவிட்டு வந்திருக்கலாம்.