பல் வலிக்கு லொறி கேட்டவள்

"...இன்னைக்குப் பல்லு வலிக்கு லொறி கேட்டா, நாளைக்குத் தலையில பேன் கடிக்குதுன்னு ஹெலிகொப்டர் கேப்பீங்க!" என்றார் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு.

வேலைக்குப் பேர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்கு வந்து நின்றவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். யார் வாயிலிருந்து நல்ல பேச்சு விழுந்தாலும் பொறுக்கி வைத்துக்கொள்கிறவள் நான். ஆனால் அந்தப் பல் என்னுடையது. பிடுங்கியாகிவிட்ட பல். அது இருந்த குழிதான் ஆறாமல் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருந்தது.

கண்டாக்குக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்பது பேச்சு இருந்தது. ஒன்றுகூட வெளியே வரவில்லை, தாடை பூட்டிக்கொண்டிருந்தது. எச்சிலை விழுங்கவும் முடியாமல் துவாயில் துப்பிக்கொண்டு நின்றேன். எனக்காகப் பேச, எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் அக்கா வந்திருந்தாள்.

முந்தின வாரம்தான் நுவரெலியாவுக்குப் போய் அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஞானப்பல் என்று அதற்குப் பேர். எனக்கு முளைத்த ஞானம் நேராக முளைக்காமல் பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தது. பிடுங்கிய டொக்டரம்மா சிங்களப் பெண். தனக்குத் தெரிந்த தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "வலி நாளுக்கு நாள் குறையணும். கூடினா, காய்ச்சல் வந்தா, வாய் திறக்க ஏலாட்டி, முழுங்க ஏலாட்டி, ஓடி வாங்க. நிக்க வேணாம்." இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி என்ன சொல்ல முடியும்?

இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் குறைய வேண்டிய வலி ஏறத் தொடங்கியது. காதுக்குள் ஆணி அடித்தது. வாய்க்குள் எலி செத்துக் கிடப்பது போல ஒரு நாற்றம், எந்நேரமும் ஒரு கசப்பு. லயம் முழுக்க வைத்தியர்கள் ஆனார்கள். ஒருத்தி கராம்பு கொடுத்தாள், ஒருத்தி உப்பைக் கட்டி வை என்றாள். "பல்லைக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துக்க" என்றார் ஒரு பெரியவர், எந்தப் பல்லை என்று சொல்லாமல். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருக்கும் மருந்துக்காரர் என் வாய்க்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பல்லு புடுங்கின எடத்துல வலிக்காம, பாக்குக் கன்னா மொளைக்கும்?" என்று சொல்லி இரண்டு வெள்ளை மாத்திரையைத் தள்ளினார். அவரிடம் லொறிக்குச் சொல்லச் சொன்னேன். "கண்டாக்குகிட்ட கேளு" என்றார்.

அன்றைக்கு லொறியை விட்டால் வழியில்லை. மழையில் பாதை உடைந்து ஆட்டோக்காரர்கள் மேலே ஏற மறுத்துவிட்டார்கள். பஸ் பிடிக்கும் சந்திக்கு நடக்கக் காய்ச்சலில் கால் நிற்கவில்லை. கொழுந்து ஏற்றும் லொறி ஒன்றுதான் டவுன் வரைக்கும் போய் வந்துகொண்டிருந்தது. என் கழுத்துக்குள் சீழ் இறங்கத் தொடங்கியிருந்ததாகவும், இன்னும் தாமதித்திருந்தால் மூச்சுக்கே மோசமாகியிருக்கும் என்றும் பிற்பாடு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. முழுங்க முடியாவிட்டால் நிற்காதே என்று ஒருத்தி சொன்னது மட்டும் தெரியும். நானோ பெரட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டத்தில் வலி என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குளவி கொட்டி முகம் பூசணிக்காயானால் லொறி வரும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி காலில் இறங்கி ரத்தம் கொட்டினால் லொறி வரும். உள்ளுக்குள் அழுகினால் அது நடிப்பு. என் கன்னம் வீங்கித்தான் இருந்தது. அந்தக் குளிரில் எல்லாரும் தலைத்துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள், நானும் கட்டியிருந்தேன்.

"ஐயா, புள்ளைக்கு ராவெல்லாம் காய்ச்சலுங்க. எச்சி முழுங்க முடியல. டொக்டரம்மா உடனே வரச் சொல்லியிருக்காங்க" என்றாள் அக்கா.

"ஏன், அவ சொல்ல மாட்டாளா? கொழுந்து நிறுக்கிற எடத்துல நாட்டுக்கே நியாயம் கேக்கிற வாயி!"

"அந்த வாயிதாங்க பூட்டிக்கிச்சு."

"நல்லதாப் போச்சு. தோட்டத்துக்குக் கொஞ்ச நாள் நிம்மதி."

மறுபடியும் சிரிப்பு. எனக்குக் கண்டாக்கு மேல் வந்த கோபத்தைவிட அந்தச் சிரிப்பின் மேல் வந்த கோபம் பெரிது. தராசு முன்னால் நிற்கும்போது, "நீ கேளு, உனக்குத்தான் பேச வரும்" என்று என் முதுகில் குத்தித் தள்ளுகிறவர்கள் இவர்கள்தான். இவர்களுக்காகப் பேசிப் பேசித்தான் அந்த மனிதனுக்கு என் வாய் மேல் இவ்வளவு கண். ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கொழுந்துக் கூடையின் கயிற்றைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

அக்கா விடவில்லை. "ஐயா, தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க. ஒங்க வீட்டுப் புள்ளையா இருந்தா இப்படிப் பெரட்டுல வச்சுப் பேசுவீங்களா?"

கண்டாக்கின் முகம் சுருங்கியது. போனை எடுத்து டோர்ச்சைப் போட்டார். "சரி, தொற. அப்பிடி என்னதான் இருக்குன்னு பாப்போம்."

அத்தனை பேருக்கு முன்னால், சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி.

தலைத்துண்டை அவிழ்த்தேன். கன்னத்தைப் பார்த்ததும் முன்வரிசையில் யாரோ "அய்யோ" என்றார்கள். இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். கண்ணில் நீர் தெறித்தது. கரண்டிக் காம்பு நுழைகிற அளவுக்கு வாய் திறந்தது. உள்ளே ஏதோ உடைந்து, சூடாக, உப்பும் கசப்புமாக நாக்கில் வழிந்தது. அவர் குனிந்திருந்தார். நான் பின்னால் போகவில்லை. ஓர் அடி முன்னால் போனேன். நெஞ்சில் இருந்த மூச்சு அத்தனையையும் அவர் முகத்துக்கு நேரே விட்டேன்.

"சீ!" என்று துள்ளி விலகினார். சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அக்கா துவாயை நீட்டினாள். மஞ்சளும் சிவப்புமாக அதில் துப்பினேன்.

"ஏத்து, ஏத்து. கொண்டு போய் ஆஸ்பத்திரியில விடு" என்று லேஞ்சிக்குள்ளிருந்து டிரைவரிடம் கத்தினார்.

மழை பிடித்துக்கொண்டது. அக்கா என் தோளைத் தாங்கி லொறியின் முன்கதவுக்குக் கொண்டு போனாள். டிரைவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். டிரைவர் எட்டிக் கதவைத் திறந்துவிட்டான். நான் படியில் கால் வைக்கப் போனேன்.

கண்டாக்குக்கும் டவுனில் ஏதோ வேலை இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்களைத் தாண்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நனைந்த குடையைப் பக்கத்து இடத்தில் நீட்டி வைத்தார். கதவை இழுத்துச் சாத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே இருந்தபடியே விரலால் லொறியின் திறந்த பின்பக்கத்தைக் காட்டினார்.