குட்டிக் காருக்கு இருக்கை தைத்தவள்

அந்தத் தொழிற்சாலையில் மூன்று சக்கரக் குட்டிக் கார்கள் செய்தார்கள். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் ஏறினால் மூச்சுவிட இடமிருக்காது. கதவு காரின் மூக்கிலேயே இருந்தது. ரிவர்ஸ் கியர் கிடையாது. அவள் அங்கே இருக்கை தைக்கும் பிரிவில் இருந்தாள்.

ஒருநாள் பெயின்ட்காரர் ஒரு காரின் மூக்கைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டார். கதவைத் திறக்க இடமில்லை, பின்னால் எடுக்க வழியில்லை. உறைத் துணியோடு போய்க்கொண்டிருந்தவளைக் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் இழுத்து விடும்மா. மேஸ்திரி பாத்தா மானம் போயிடும்."

"அஞ்சு நிமிஷம் உள்ளயே இருங்க. எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்" என்று சிரித்தாள். பிறகு அவளே இழுத்துவிட்டாள்.

அன்று தொடங்கியது, வீட்டுக்குத் தெரியாமலே கல்யாணப் பேச்சுவரை வந்தது. அதற்குள் பெரிய கார்களின் விலை இறங்க, குட்டிக் காரைச் சீந்துவாரில்லாமல் தொழிற்சாலையை மூடினார்கள். அவர் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கத் துறைமுகத்துக்குக் கிளம்பினார்.

"ஒரு வருஷம் பொறுத்துக்கோ. வந்து கூட்டிட்டுப் போறேன்."

பொறுத்தாள். மூன்றாம் வருடம், அவருக்கு அங்கேயே கல்யாணமாகிவிட்டதாகச் செய்தி வந்தது. அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. வந்த வரன்களையெல்லாம் ஏதேதோ சொல்லித் தட்டிக் கழித்தாள். தம்பி வீட்டுப் பின்னறையில் திரைச்சீலை தைத்துப் பிழைத்தாள். தொழிற்சாலை டயர் கிடங்காகிவிட்டது. ஆனாலும் பஸ் அந்தப் பக்கம் போனால் ஜன்னலோரம் இடம் தேடுவாள்.

தலை முழுக்க நரைத்த பிறகு, வீட்டு வாசலில் ஒரு குட்டிக் கார் வந்து நின்றது. பழைய கார்களைச் சேர்க்கும் ஒருவர் அவளை விசாரித்துத் தேடி வந்திருந்தார்.

"சீட்டு கிழிஞ்சிருக்கும்மா. முன்ன மாதிரியே தைச்சுக் குடுப்பீங்களா?"

கார் பளபளவென்று சிவப்பாக இருந்தது.

"இது புதுப் பெயின்டா?"

"ஆமாம்மா. பழசு துருப்பிடிச்சுப் போச்சு."

அவள் முகம் வாடியது. இருக்கையைக் கழற்றித் தூக்கினாள். அடியில், புதுப் பெயின்ட் எட்டாத மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு வெளிர்நீலம் மிச்சமிருந்தது. அந்தக் காலத்தில் பெயின்ட்காரர் இந்த நீலத்தை அடித்துவிட்டு, கையெல்லாம் நீலமாகச் சாப்பாட்டுக்கு வருவாரே! அவள் விரலை அதன்மேல் வைத்தாள். எடுக்க மனம் வரவில்லை.

இருக்கை தயாரானதும் காரைக் கொண்டுவந்தவர் அவளை ஒரு சுற்று கூட்டிப்போனார். எஞ்சின் காதைப் பிளந்தது, முழங்கால் இடித்தது. வழி முழுக்க அவள் கண் தெருவில் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அந்நியக் கைகளிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவி கேட்டாள்: "என்ன அண்ணி, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?"

"புகை."

"புகையா? என்கிட்டயேவா?"

அவள் முதன்முறையாகச் சொன்னாள். கேட்டு முடித்த தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷம் எப்படி அண்ணி மனசுக்குள்ளயே வச்சிருந்தீங்க?"

"வேற எங்க வைக்கிறது?" என்றாள் அவள்.