சிரிக்கிற ஷாட்

திரையில் என் மாமியாரின் முகத்தை வெள்ளைத் துணியால் மூடினார்கள். அவர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார். பொட்டலத்துக்குள் போன கை வெளியே வரவில்லை. தி.நகரில் ஒரு தியேட்டர், பகல் காட்சி, பாதி சீட் காலி. பின்னால் யாரோ ‘உச்’ கொட்டினார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி குனிந்து தன் அம்மாவைப் பார்த்தாள். அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் சாவலியே மாப்ள,” என்றார் மெதுவாக. “தூங்கத்தானே சொன்னாங்க.”

அத்தை ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். நான் லைட்மேன். சினிமாவில் அவர் நிறைய முறை செத்திருக்கிறார். வெள்ளத்தில், பஸ் கவிழ்ந்து, ஒரு படத்தில் ஹீரோவின் அம்மாவாகப் பாடையில். வசனம் கிடையாது. அசையாமல் கிடக்க வேண்டும், அதில் அவர் கெட்டிக்காரர். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் வேஷம் போட்டவர், ‘கட்’ சொன்னதும் கிடந்த இடத்திலேயே எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுப்பார்கள். படத்தில் அது வராது. செத்தது பொய் என்று கேமராவுக்குக் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். பெரிய நடிகர்களும் சிரித்துவிட்டுத்தான் காருக்குப் போவார்கள். அத்தை இந்த விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒரு தடவை வெளிச்சம் போகிறது என்று டைரக்டர் அடுத்த ஷாட்டுக்கு ஓடிவிட்டார். அத்தை பாடையை விட்டு இறங்கவில்லை. “சிரிக்காம எறங்க மாட்டேன், இப்டியே தூக்கினு போய் பொதச்சாலும் செரி,” என்றார். யூனிட்டே சிரித்தது. டைரக்டர் திரும்பி வந்தார். அத்தையும் சிரித்தார், எடுத்தார்கள்.

இந்தப் படத்துக்குக் கூப்பிட்டபோது சாவு என்று யாரும் சொல்லவில்லை. தூக்கத்தை ஆராய்ச்சி செய்யும் ஒரு டாக்டரின் கதை. அவரிடம் வந்து படுப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கனவு வரும். நீளமான நடைவழி, அதன் கோடியில் ஒரு கதவு. கனவில் அந்தக் கதவைத் திறந்தவர் எழுந்திருக்க மாட்டார். ஏன் என்று கண்டுபிடிக்கப் போகிற டாக்டருக்கே, தான் விழித்திருக்கிறோமா கனவில் இருக்கிறோமா என்று புரியாமல் போய்விடும். கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவை ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கியிருந்தார்கள். கூடத்தில் வரிசையாகக் கட்டில். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டினோம். வெளியே பள்ளிக்கூடம் விடும் சத்தம் கேட்கும், உள்ளே நடுராத்திரி. அதில் இருந்து இருந்து எனக்கே நேரம் குழம்பிப் போனது. அத்தைக்கு நாலாம் கட்டில். லைட்டுக்கு நீலத்தாள் கட்டி அவர் முகத்தில் அடித்தவன் நான்தான். நெற்றியிலும் மண்டையிலும் ஒயர் ஒட்டினார்கள். “தூங்கறதுக்கு பேட்டா குடுக்கறான் பாரு, எவளுக்குக் கெடைக்கும்,” என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிவிட்டுப் படுத்தார். ஏசி, மெத்தை. நிஜமாகவே தூங்கிவிட்டார். குறட்டை கேட்டு சவுண்ட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். எழுப்ப வேண்டாம் என்று டைரக்டர் கையைக் காட்டினார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. தூங்கி எழுந்தவர் எதற்குச் சிரிக்க வேண்டும்? பேக்கப் ஆனதும் ஒயரைப் பிய்த்துப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டோம்.

தியேட்டருக்குப் போய்வந்த பிறகு அத்தை படுக்கவே இல்லை. பட்டினப்பாக்கம் குடியிருப்பில் எங்களுக்கு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. பீரோவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வார். கண் சொருகும், தலை தொங்கும், உடனே நிமிர்ந்துவிடுவார். எழுந்து போய் முகம் கழுவுவார். டம்ளரை எடுத்து வைப்பார், வைத்ததை மறுபடி எடுப்பார். ஷூட்டிங்குக்கும் போனார், கூட்டத்தில் நின்றுகொண்டே தூக்கத்தில் தள்ளாடினார். செத்த எல்லாப் படத்திலும் சிரித்தாகிவிட்டது, இதில் மட்டும் சிரிக்கவில்லை. இதில் செத்தது தூக்கத்தில். ஆகவே தூங்கினால் அது வரும். அவர் கணக்கு அது. நான் மறுத்துப் பேசவில்லை. உயரத்தில் ஏறி லைட் கட்டுகிறவன் இந்த மாதிரி வழக்கத்தையெல்லாம் லேசாகத் தள்ளிவிட மாட்டான். அவர் அப்படி உட்கார்ந்திருக்கும்போது எனக்கும் படுக்க மனசு வராது. எழுந்து வெளியே போய் நிற்பேன், திரும்பி வருவேன். கடல் காற்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

என் வீட்டுக்காரிக்குக் கோபம்தான் வந்தது. “சினிமால செத்தா நெஜமா செத்துடுவாங்களா? அப்டினா ஊர்ல ஒரு வில்லன் உயிரோட இருக்க மாட்டான்,” என்றாள். “அவனுங்கல்லாம் சிரிச்சிட்டுப் போனானுங்கடி,” என்றார் அத்தை.

டைரக்டர் ஆபீஸ் தி.நகரில் ஒரு மாடியில் இருந்தது. போனேன். டைரக்டர் வெளியூரில் இருந்தார், உதவி டைரக்டர் பையன் இருந்தான். என்னைத் தெரிந்தவன். இடைவேளைக்கு முன்னால் ஒரு சாவு வேண்டியிருந்தது என்று எடிட்டிங்கில்தான் முடிவு செய்தார்களாம். துணி கம்ப்யூட்டரில் போட்டதாம். “தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. மத்த கட்டில்ல எல்லாருக்கும் வயிறு ஏறி எறங்குது. அம்மா மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே கெடந்தாங்க. மூச்சே தெரியல. எடிட்டர் பாத்துட்டு இவங்கதான்னுட்டாரு.” அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். அத்தை சிரிக்க வேண்டும் என்றேன். அவன் கேலி செய்யவில்லை, அவனுக்கும் வழக்கம் தெரியும். ஆனால் பங்களாவைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கட்டிலெல்லாம் போய்விட்டது. கேமரா வேறு படத்தில். போனில் சிரிக்கச் சொல்லி எடுத்துவிடுங்கள் என்றான். வீட்டில் வந்து சொன்னேன். “செல்லுல சிரிச்சா அது செல்ஃபி,” என்றார் அத்தை. “கட்டில்ல ஒயரோட செத்தேன். கட்டில்ல ஒயரோடதான் எழுந்துக்கணும்.”

ஒருநாள் மயிலாப்பூரில் காய் வாங்கப் போனவர் நின்ற இடத்திலேயே தூங்கி விழுந்தார். முட்டி சிராய்த்து, நெற்றியில் தையல். வீட்டுக்காரி அழுதுவிட்டாள். அடையாறில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் அவசரப்படாமல் கேட்டார். தூங்கின காலத்தில் குறட்டை உண்டா என்றார். உண்டு, நடுவில் நின்று நின்று வரும், திணறிக்கொண்டு வரும் என்றாள் வீட்டுக்காரி. ஒரு ராத்திரி இங்கே தூங்க வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். தலையில் ஒயர் ஒட்டுவார்கள், மார்பில் பட்டை கட்டுவார்கள், கட்டிலுக்கு மேலே கேமரா இருக்கும். வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அத்தை எழுந்து ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தலையைத் தூக்கினார்.

“கேமரா கீதா?”

“பயப்படாதீங்கம்மா, வேற யாரும் பாக்க மாட்டாங்க,” என்றார் டாக்டர்.

“பாக்கணும் டாக்டர்,” என்றார் அத்தை.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். சின்ன அறை, ஒரு கட்டில், சுவர் மூலையில் கேமரா. ஒயர் ஒட்டிய பெண் பசையை வழித்து வழித்து ஒட்டினாள். “அந்தப் படத்துல சும்மா வச்சாங்க பாப்பா, இது கெட்டியாப் புடிக்குது,” என்றார் அத்தை. அந்தப் பெண்ணுக்கு எந்தப் படம் என்று தெரியவில்லை. கேமரா ஓடுகிறதா என்று அத்தை கேட்டார். ஓடுகிறது என்றாள். “லைட்டு பத்தாது மாப்ள.” மேஜை விளக்கின் கழுத்தைத் திருப்பி அவர் முகத்துக்கு வைத்தேன். படுத்தார். கண்ணை மூடினார். அசையவில்லை. நான் நின்றேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, சொல்ல வேண்டியவன் நான் என்று. இத்தனை வருடமாக அந்த வார்த்தையைக் கேட்டு வேலை செய்தவன், ஒருமுறையும் சொன்னதில்லை. “கட்,” என்றேன். அத்தை எழுந்து உட்கார்ந்தார். தலையெல்லாம் ஒயர். கேமராவைப் பார்த்துச் சிரித்தார். வழக்கமாகச் சிரிப்பதைவிட அதிக நேரம் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்காமல் சிரித்தார். “அவ்ளோதான் பாப்பா, இனிமே உன் வேலையப் பாரு,” என்று சொல்லிவிட்டுச் சாய்ந்தார். அந்தப் பெண் மார்புப் பட்டையைக் கட்டி முடிப்பதற்குள் தூங்கிப்போனார்.

பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் என்னையும் வீட்டுக்காரியையும் உட்காரச் சொன்னார். தூக்கத்தில் அத்தைக்கு மூச்சு நிற்கிறது. நின்று, திணறி, மறுபடி வருகிறது. ராத்திரி முழுக்க இப்படி. அவருக்கே தெரியாது. விட்டுவிடக்கூடாது என்றார். எனக்கு உதவி டைரக்டர் பையன் சொன்னது ஞாபகம் வந்தது. எடிட்டர் பார்த்தது நடிப்பு இல்லை. நான் நீல வெளிச்சம் அடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு முகமூடி, அதற்குக் காற்று தள்ள ஒரு மிஷின் கொடுத்தார்கள். அத்தை அதைத் தொடவில்லை. “சிரிச்சாச்சு மாப்ள, இனிமே ஒண்ணும் ஆவாது. மூஞ்சிய மூடிக்கினு படுக்கறது நல்லா இல்ல,” என்றார். பீரோ மேல் ஏறி உட்கார்ந்தது அந்தப் பெட்டி. அத்தை கை காலை நீட்டிப் படுத்து நிம்மதியாகக் குறட்டை விட்டார். தூக்கம் போனது எனக்கு. குறட்டை நின்றால் எனக்கு விழிப்பு வந்துவிடும். அது திரும்ப வரும் வரை நானும் மூச்சை விட மாட்டேன். வீட்டுக்காரி கெஞ்சினாள், திட்டினாள், ஒருநாள் சோறு வைக்காமல்கூட இருந்தாள். பலிக்கவில்லை.

எனக்கு அதிகம் பேச வராது. ஒருநாள் பெட்டியை இறக்கி அவர் முன்னால் வைத்தேன். “அத்த, இது வேஷம். போட்டுக்கினு படுங்க. காலைல நான் கட் சொல்றேன், எழுந்து சிரிங்க.” அவர் முகமூடியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கேமரா இல்லையே என்றார். “ரிகர்சல்,” என்றேன். கொஞ்சம் யோசித்தார். அப்புறம், பட்டையை எந்தப் பக்கம் மாட்டுவது என்று கேட்டார்.

இப்போது தினமும் ரிகர்சல்தான். மிஷின் மெதுவாக இரைகிறது, குறட்டை இல்லை. குறட்டை இல்லாததே எனக்கு ஆகவில்லை, காது அதைத் தேடிக்கொண்டிருக்கிறது. விடிந்ததும் ஷூட்டிங் வண்டி வருவதற்கு முன்னால் குளித்துவிட்டு அத்தையின் பாய்க்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன். வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள், பார்க்காத மாதிரி. நான் “கட்” என்கிறேன். அத்தை உடனே எழுந்துவிடுவதில்லை. அவர் கண்ணைத் திறக்கும்வரை நிற்கிறேன்.