சவுரியம்மாளின் வாய்க்கட்டு

திண்டிவனத்து மல்லாட்டை மில்லில், அதாவது வேர்க்கடலை உடைக்கிற மில்லில், என் முறத்துக்குப் பக்கத்து முறம் சவுரியம்மாளுடையது. காணை கிராமத்தில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். நல்லவள்தான். ஆனால் அந்த நல்லவளால் இந்தப் பொன்னி பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எதற்கும் காற்று வருகிறதா என்று பார்ப்பாள். மில்லில் சும்மா கொடுக்கிற மல்லாட்டைத் தோலைத்தான் நாங்கள் எல்லோரும் வீட்டில் எரிப்போம். கண் அவிந்துபோகும், அப்படிப் புகையும். இவள் அடுப்பையே வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். புருஷன் சின்னக்கண்ணுவுக்கு மானம் போய்விட்டது.

"தெனம் கேப்பைக் களிதான்னு ஊருக்கே தண்டோரா போடறியா?" என்று குதித்தான்.

"பாத்தா பாத்துட்டுப் போறாங்க. கொயந்த கண்ணுதான் எனக்கு முக்கியம்" என்று சொல்லிக் களியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

அது அவள் வீட்டு விவகாரம். மில்லுக்குள்ளும் ஆரம்பித்தாளே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முப்பத்தெட்டாம் வருஷம், தை மாதம். மிஷின் உடைத்துத் தள்ளுவதை நாங்கள் நாற்பது பெண்கள் புடைத்து, தோல் வேறு பருப்பு வேறாகப் பிரிப்போம். செம்மண்ணும் தோல் தூளுமாக, எதிரே இருப்பவள் முகம் தெரியாது. பேச்சில் பாதி இருமல். முந்தின வருஷம் சவுரியம்மாளின் அக்கா லூர்துமேரி அந்தக் கொட்டகையில்தான் இரும ஆரம்பித்தாள். ஆடிக்குள் போய்ச் சேர்ந்தாள். இந்தத் தையில் சவுரியம்மாளுக்கும் அதே இருமல். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. பயந்துவிட்டாள், பாவம். புருஷனின் பழைய வேட்டியைக் கிழித்து, மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

மேஸ்திரி கோதண்டபாணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பருப்பைத் தின்னக் கூடாது என்பது மில்லின் சட்டம். தின்பது எங்கள் பழக்கம். யார் தாடை அசைகிறது என்று பார்ப்பதுதான் அவருக்கு உத்தியோகமே.

"உள்ள இன்னா மெல்ற? துணிய அவுத்துப் போடு!"

"தூசிங்க மேஸ்திரி. நெஞ்சு அடைக்குதுங்க."

"நாப்பது பேருக்கு இல்லாத தூசி ஒனக்கு மட்டும் வந்துச்சா? அவுத்தாதான் வேலை. இல்லன்னா போய்க்கினே இரு."

போய்விட்டாள். மறுநாள் காலையில் கட்டிய துணியோடு மில் வாசலில் நின்றாள். வேலையும் வேண்டும், மூச்சும் வேண்டும் அவளுக்கு! முதலாளி ஜட்கா வண்டியிலிருந்து இறங்கியதும் நேரே போய்க் கும்பிட்டாள்.

"மொதலாளி, வாயக் கட்டிக்கினு எப்படிங்க திங்க முடியும்? கட்டாதவங்கதான் திம்பாங்க. நீங்களே பாருங்க."

முதலாளி யோசித்தார். கொட்டகைப் பக்கம் திரும்பினார். அந்த நேரம் பார்த்தா என் வாயில் பருப்பு இருக்க வேண்டும்?

அன்றைக்கே உத்தரவு. நாற்பது பேரும் வாயைக் கட்ட வேண்டும், முடிச்சை மேஸ்திரி சோதிப்பார். அடிப்பாவி! எங்களுக்கு மத்தியானச் சோறே அந்தப் பருப்புதான். மூக்கை விட்டுவிட்டு வாயை மட்டும் கட்டிப் பார்த்தோம். துணி நழுவுகிறது, நாங்கள் மெல்லுகிறோம் என்று மேஸ்திரி கண்டுபிடித்துவிட்டார். மூக்குக்கு மேலே இழுத்துக் கட்டச் சொன்னார். மறுபடி வேலைக்கு வந்து உட்கார்ந்த சவுரியம்மாளோடு ஒருத்தியும் பேசவில்லை.

மாசி முடிகிற வரை பொறுத்தேன். ஒருநாள் கிணற்றடியில் தனியாக அகப்பட்டாள்.

"ஏண்டி சவுரி, இருமல் வந்தா ஒன்னோட போவட்டுமே. எங்க வாயில ஏண்டி மண்ணப் போட்ட? ஒன்னால பெரிய பேஜாரா பூட்சு!" என்று ஆரம்பித்து, அவள் பிறந்த ஊர் முதல் அவள் வளர்க்கிற கோழி வரை ஒன்றையும் விடாமல் திட்டினேன். அவள் இரண்டு குடம் இறைத்து நிரப்பிவிட்டாள், நான் முடிக்கவில்லை.

கடைசியில் கயிற்றைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"இவ்ளோ நேரம் திட்டிக்கினு இருந்தியே பொன்னி, ஒருக்கா இருமினியா?"

இருமவில்லைதான். லூர்துமேரி கடைசி மாசத்தில் 'தண்ணி' என்ற ஒரு சொல்லுக்கு மூன்று தடவை நின்று மூச்சு வாங்கியது நினைவுக்கு வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்காக விட்டுவிட முடியுமா? மத்தியானப் பசி அப்படியேதானே இருந்தது! நன்றாக ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்ட ஆரம்பித்தேன்.