பிஞ்சு நின்ற நிற்பு

அம்மாவும் போய்விட்டாள். வீட்டில் இனி நானும் நைனாவும்தான். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா அண்ணனைப் பற்றிப் பேசமாட்டார். அம்மா பேசுவாள். இப்போது அவளும் இல்லாததால் நான் எழுதுகிறேன்.

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். சின்ன காஞ்சிபுரத்து முதலாளி ஒருவருக்காக நைனா நெய்துகொண்டிருந்தார். பட்டும் சரிகையும் அவர் தருவார், புடவை அவருக்குப் போகும். ஒரு நாள் அவரே ஜட்காவில் எங்கள் தெருவுக்கு வந்து இறங்கினார். கையில் ஒரு பிரம்புக் கூடை, அதற்குள் நாய்க்குட்டி. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு. வால் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மொட்டை. துரைமார் அழகுக்காக வெட்டிவிடுவார்களாம்.

பட்டணத்துத் துரை ஒருவர் அவருக்குக் கொடுத்த குட்டி அது. பட்டணத்தில் துரைமார்கள் நாய்க் காட்சி நடத்துவார்கள். அதில் இதை நிறுத்திப் பரிசு வாங்கி அந்தத் துரையின் மனதைக் குளிர்விக்க வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. ஆனால் அவருடையது ஆசாரமான வீடு. நாய் படி தாண்டினால் வீட்டையே கழுவிவிட வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் வளரட்டும் என்றார். முதலாளியிடம் முடியாது என்று சொல்லும் வழக்கம் எங்கள் தெருவில் இல்லை.

"மேஜை மேல நிக்கணும். துரை வந்து பல்லைப் பார்ப்பார், காதைத் தூக்குவார், வயித்தைத் தடவுவார். கடிக்கக் கூடாது, உக்காரக் கூடாது, நடுங்கக் கூடாது. சும்மா நிக்கணும், அவ்ளோதான்" என்றார்.

"சும்மா நிக்கிறதுக்கா பரிசு?" என்று அண்ணன் கேட்டான். நைனா அவன் தொடையில் கிள்ளினார்.

முதலாளி அதற்குப் பிரின்ஸ் என்று பெயர் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வாயில் அது பிஞ்சு ஆனது. எதிர்வீட்டு மாமா வந்து குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வால் எங்கடா? துரை தொட்டுக்கினு துன்னுட்டாரா?"

அண்ணனுக்குப் பதினான்கு வயது. தறியில் நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புடவைக் கரைக்கு இழை ஓட்டும் நாடாவைப் போட்டுக் கொடுப்பவன். தறியை விட்டு இறங்கியதும் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் பிஞ்சுவை ஏற்றுவான். காலை ஒவ்வொன்றாக எடுத்து நேராக வைப்பான். தாடைக்குக் கீழே ஒரு கை, வயிற்றுக்குக் கீழே ஒரு கை. "நில்லு" என்று ஒரே ஒரு தடவை, மெதுவாக. உட்கார்ந்தால் அடிக்கமாட்டான். திரும்பத் தூக்குவான், திரும்ப நிறுத்துவான். நின்றால் ஒரு வாய் பொரி.

நான்தான் துரை. சின்ன முறத்தைத் தொப்பியாக்கி, முகத்தில் அரிசி மாவு பூசிக்கொண்டு வந்து அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பேன்.

"மெதுவாடி! தேங்கா உரிக்கிறியா நீ?"

"துரை அப்டித்தான் பார்ப்பாரு."

"எந்த துரை? முறம் கவுத்துக்கினு வர்ற துரையா?"

பிறகு அவனாகவே ஒரு வழி கண்டுபிடித்தான். கழிவுப் பட்டிலிருந்து ஒற்றை இழையை எடுத்து அதன் கழுத்தில் கட்டி, மறுமுனையைத் தூணில் கட்டினான். நெசவு வீட்டில் இழை அறுந்தால் பேசிக்கொண்டிருக்கிற வாய்கூட நின்றுவிடும். பிஞ்சு நகர்ந்து இழை அறுந்தால் பொரி கிடையாது, நாங்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். ஐப்பசி மழை விடுவதற்குள் அது இழை அறாமல் நிற்கப் பழகிவிட்டது. எங்களில் ஒருத்தர் மாதிரி ஆகிவிட்டது.

காட்சியில் கூட்டம் இருக்கும், சத்தம் இருக்கும் என்று அண்ணன் யோசித்தான். அதனால் பாவு நீட்டும் காலைகளில் பெட்டியைத் தெருவுக்கே கொண்டுவந்தான். ஒரு புடவைக்கான இழை அத்தனையையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை எல்லாம் முடிச்சுப் போடுவதுதான் பாவு நீட்டுவது. ஆளும் பேச்சுமாகத் தெரு திருவிழா மாதிரி இருக்கும். நடுவில் பெட்டி மேல், கழுத்தில் ஒற்றை இழையோடு பிஞ்சு நிற்கும்.

அன்றைக்கு எங்கள் பாவு. இழைகளின் நுனியைத் தாங்கும் கடைசிக் கோலை முளையில் கட்டும்வரை அண்ணன் அதை இழுத்துப் பிடித்திருந்தான். தெருக்கோடியில் யாரோ "வெறிநாய்! வெறிநாய்!" என்று கத்தினார்கள். ஒரு செவலை நாய், வாயில் நுரையோடு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நேராக வந்தது. பெண்கள் வீட்டுக்குள் ஓடினார்கள். தெருநாய்கள் எல்லாம் சந்துக்குள் போய்விட்டன. பிஞ்சு நகரவில்லை. கழுத்தில் இழை இருந்ததே.

"கோலை விடாதடா! பட்டு மண்ணுல வுழுந்துடும்!" என்று நைனா கத்தினார்.

அண்ணன் விட்டுவிட்டான். ஓடிப் போய்ப் பிஞ்சுவை வாரித் தலைக்கு மேல் தூக்கினான். செவலை நாய் எம்பி அவன் முன்கையைக் கவ்விவிட்டு, அப்படியே போய்விட்டது. நைனா ஓடிவந்து முதலில் பட்டைத்தான் எடுத்தார். பிறகு அண்ணன் கன்னத்தில் ஒன்று வைத்தார். சிக்கெடுத்து முடிக்கச் சாயங்காலம் ஆனது. அதற்குப் பிறகுதான் அம்மா அவன் கையைப் பார்த்தாள்.

தர்ம ஆஸ்பத்திரி கம்பவுண்டர் காயத்தைக் கழுவி மருந்து வைத்துச் சுட்டார். "இது போதாது. குன்னூருக்கு அனுப்பணும். அங்கதான் வயித்துல ஊசி போடுவாங்க. ரயிலுக்கு பாஸ் நான் எழுதி வாங்கித் தரேன். நாள் கடத்தாதே" என்றார்.

மலை, குளிர், வயிற்றில் ஊசி. இது போதாதா எனக்கு? நைனாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். "அண்ணன அனுப்பாத நைனா!"

"பாப்பாவே வேணாங்குது" என்றார் நைனா.

"அது கொழந்தை. அது பேச்சையா கேக்குற? அனுப்பிடுய்யா" என்றாள் அம்மா.

முதலாளி வந்தார். வாசலிலேயே நின்று பேசினார். "இவனை விட்டா அது யாருக்கும் நிக்காது. வெறிநாய் விஷம் ஒரு மண்டலம் கழிச்சுத்தான் தலைக்கு ஏறும். காட்சி முடியட்டும், நானே ரயிலேத்தி விடறேன். அதுவரைக்கும் யாரும் மூச்சு விடாதீங்க. வெறிநாய் கிட்ட வந்துச்சுன்னு தெரிஞ்சா குட்டியை உள்ளயே விடமாட்டாங்க."

"மொதல்ல ஊசி போட்டுக்கினு வந்துரட்டும் சாமி" என்றாள் அம்மா, கதவுக்குப் பின்னாலிருந்து.

"நீ சும்மா இரு" என்றார் நைனா.

அண்ணன் மலைக்குப் போகவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். எவ்வளவு நல்ல மனுஷர் என்று நினைத்து, முதலாளியின் செருப்பை நானே எடுத்து அவர் காலுக்கு நேராகத் திருப்பி வைத்தேன்.

பட்டணத்துக்கு அண்ணனும் போனான். வந்ததும் எனக்குக் கதை கதையாகச் சொன்னான். கூடாரம், பேண்டு வாத்தியம், கன்றுக்குட்டி உயரத்துக்கு நாய்கள். துரை பிஞ்சுவின் வாயைத் திறந்தபோது அது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லையாம். யார் பழக்கினது என்று துரை கேட்டதற்கு, முதலாளி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாராம். அதைச் சொல்லிவிட்டு அண்ணன் உருண்டு உருண்டு சிரித்தான். வெள்ளிக் கோப்பை முதலாளியின் கடைக்குப் போனது. பிஞ்சு அவர் மாட்டுக் கொட்டகைக்குப் போனது.

முகூர்த்தப் புடவைகளுக்கு அவசரம் வந்தது. கரைக்கு நாடா போட அண்ணன் வேண்டும். "புண்ணு ஆறிப்போச்சே, இனிமே எதுக்கு ஊசி?" என்றார் முதலாளி. நைனாவும் அதையே சொன்னார். அம்மா யாரிடமும் சொல்லாமல் தனியாக ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். கம்பவுண்டர் அவளைத் திட்டிவிட்டு, பாஸுக்கு எழுதிப் போட்டார்.

பாஸ் வருவதற்கு முன்னால், ஒரு காலையில், கடித்த இடம் குறுகுறுக்கிறது என்றான் அண்ணன். மறுநாள் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்ததும் தொண்டையைப் பிடித்துக்கொண்டான். விசிறிக் காற்று பட்டால்கூடத் துடித்தான். உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். என்னை எதிர்வீட்டில் விட்டார்கள். நான் ஒரு தடவை ஓடிவந்து கதவில் வாயை வைத்து அண்ணா என்று கூப்பிட்டேன்.

"பிஞ்சு துன்னுச்சா பாப்பா?" என்று கேட்டான். குரல் கரகரவென்று யாருடையதோ மாதிரி இருந்தது.

எனக்கு எப்படித் தெரியும்? "துன்னுச்சு" என்றேன்.

"நீ இங்க வராத. போ."

அதற்குப் பிறகு நான் அவன் குரலைக் கேட்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு முதலாளி வீட்டு ஆள் வந்தான். பட்டணத்துத் துரை குட்டியைப் பார்க்க வந்திருக்கிறார், அது யாருக்கும் நிற்கவில்லை, கடிக்க வருகிறது, இந்தப் பெண்ணுக்கு நிற்குமா என்று முதலாளி பார்க்கச் சொன்னார் என்றான். அம்மா துணி அலசக் குளத்துக்குப் போயிருந்தாள். நைனா தறியிலிருந்து நிமிராமலே, "போய்ட்டு வா" என்றார்.

அவர்கள் தோட்டத்தில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். நிஜத் துரையை அன்றுதான் பார்த்தேன். பிஞ்சுவைத் தூக்கி மேலே விட்டு, காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அண்ணன் சொல்வது போல ஒரே தடவை, மெதுவாக, "நில்லு" என்றேன். நின்றது. துரை பல்லைப் பார்த்தார், காதைத் தூக்கினார். அது அசையவில்லை. எனக்குப் பின்னால் இருந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது. துரை கைதட்டினார். முதலாளி என்னைத் தொடாமல் மேலிருந்து என் கையில் கோயில் இட்லி ஒரு துண்டு போட்டார். பெருமாள் பிரசாதம், மிளகும் சுக்கும் மணந்தது. ஒரு விள்ளல்கூட வாயில் வைக்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா ஈரத் துணியோடு வாசலில் நின்றாள்.

"அம்மா, நான் சொன்னதும் நின்னுச்சும்மா! முதலாளி எனக்கு இட்லி குடுத்தாரு!"

அம்மா அதை என் கையிலிருந்து எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாக்கடையில் வீசினாள்.

பிரசாதத்தை வீசினால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதா? பயந்துபோய் அன்று முழுக்க அவள் பின்னாலேயே திரிந்து அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது போகப் போக அது சிவந்துகொண்டே வந்தது. சாமி குத்திவிட்டது என்றுதான் நினைத்தேன்.