ஃபில்ட்டர் அறையில் மூன்றாவது பூட்டு

இது நடந்தது. எந்த வரிசையில் நடந்தது என்பதில்தான் எனக்குச் சந்தேகம். சத்தம் முதலில் நின்றதா, நான் நிபால்டோவை முதலில் இழுத்தேனா... எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை.

அட்டகாமா பாலைவனத்தில் ஒரு செம்புச் சுரங்கம். நானும் நிபால்டோவும் எலக்ட்ரீஷியன்கள். தாது அரைக்கும் மில்களின் வேகத்தை மாற்றும் கருவிகள் மின்சாரத்தின் அலையைக் கெடுத்துவிடும். வழவழவென்று ஏறி இறங்கவேண்டிய அலை, ரம்பப் பல்லாகிவிடும். கம்பி கொதிக்கும். டிரான்ஸ்ஃபார்மர் புகையும். அந்த அழுக்கை உறிஞ்சத்தான் செப்புச் சுருளும் கெப்பாசிட்டர்களும் சேர்ந்த ஃபில்ட்டர்.

அன்று அதில் ஒரு கெப்பாசிட்டர் வீங்கியிருந்தது. மாற்ற வேண்டும். மில்கள் நின்றிருந்தன. வெளியே கண் கூசும் வெயில். ஃபில்ட்டர் இருக்கும் அறைக்கு ஜன்னலே கிடையாது.

உள்ளே போகிறவன் கதவுக்கு வெளியே உள்ள சுவிட்சை அணைத்து, தன் பெயர் பொறித்த பூட்டை அதில் மாட்டவேண்டும். அவன் வந்து திறக்கும்வரை யாரும் மின்சாரம் கொடுக்க முடியாது. இருவரும் மாட்டினோம்.

"ஆஃப் பண்ணியாச்சு. முழுசா வெளிய வாங்கடா," என்றாள் கட்டுப்பாட்டு அறை ஷிமேனா, வாக்கிடாக்கியில்.

"ரெனே பாதியா வந்தாலும் அவன் பொண்டாட்டி கண்டுபிடிக்க மாட்டா," என்றான் நிபால்டோ, என்னைக் காட்டி.

உள்ளே நுழைந்தோம்.

ரீங்காரம்.

நல்ல மின்சாரத்தின் ரீங்காரம் தாழ்ந்த குரல். இது மேலே... மூக்கால் முனகுவது போல. கெட்ட அலையின் குரல்.

"ஆஃப்தானே மாப்ள?"

நிபால்டோ மீட்டரை வைத்தான். பூஜ்யம்.

"செத்துக் கெடக்கு. பயந்தாங்கொள்ளி."

இருந்தாலும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தேங்கி நிற்கும். எர்த் கம்பியை மாட்டி அதை மண்ணில் இறக்கிவிட்டுத்தான் தொடவேண்டும். திரும்பினேன். கம்பி ஏற்கெனவே கெப்பாசிட்டரின் முனையில் தொங்கியது.

நிபால்டோ கை நீட்டினான்.

ரீங்காரம் நின்றது.

யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டது போல.

அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன்.

"எர்த் நீ மாட்டினியா?"

"நீதானேடா மாட்டின?"

பார்த்தோம்.

முனையில் எதுவும் இல்லை.

எர்த் கம்பி கதவோரம்... நாங்கள் வைத்த இடத்தில்.

அதை எடுத்து, நீட்டி முனையைத் தொட்டேன். படார்! நீல வெளிச்சம். மீட்டரைத் தப்பான அளவில் வைத்திருந்தோம். தேங்கிய மின்சாரத்தை அந்த அளவு காட்டாது.

வெளியே ஓடினோம்.

சுவிட்சில் மூன்று பூட்டுகள்.

மூன்றாவது கரிந்திருந்தது. மேலே 'எலியெசெர்' என்ற பெயர். எங்களிடம் சாவி இல்லை. வெட்டித்தான் எடுத்தோம்.

நாங்கள் வேலைக்குச் சேருவதற்கு முன், அந்த அறையில் ஒருவர் இறந்திருக்கிறார். கூட வந்தவன் எர்த் மாட்டியிருப்பான் என்று நம்பிக் கை வைத்தவர். பக்கத்து ஊரான காலாமாவில் இருந்த அவர் மனைவி ஒர்ஃபெலினாவிடம் பூட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். பெயரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதையும் சாவியையும் நான்தான் அவர் சட்டைப் பையில வச்சேன் தம்பி. சவப்பெட்டியை மூடினதும் நான்தான்."

நிபால்டோ மறுநாளே வேலையை விட்டான். கொக்கிம்போ துறைமுகத்தில் மீன் விற்கிறான். ஷிமேனா தன் மகளோடு இருக்கிறாள். ஃபில்ட்டர் ஓடுகிறது. அலை சுத்தமாக இருக்கிறது. ஒர்ஃபெலினா போன குளிர்காலத்தில் இறந்தாள். அவள் கேட்டுக்கொண்டபடி, வெட்டிய பூட்டை அவளோடு புதைத்தோம்.

நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன்.